கற்பனை அணியும் லாக்ரோஸ் ஆட்டத்தின் வரலாறும்



இங்கிலாந்துக் காற்பந்து லீக்கின் கற்பனை அணிப் போட்டியை நம்மவர் பலரும் அறிவர். 2002ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி அது. களத்தில் ஆடும் உண்மையான வீரர்களை நாம் தேர்ந்தெடுத்து ஓர் அணியாக்குகிறோம். அவர்கள் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. காயமுற்றுப் படுத்தால் நமக்கு நட்டம். வட அமெரிக்காவில் லாக்ரோஸ் என்னும் ஆட்டத்திற்கும் இவ்வாறு கற்பனை அணிகள் அமைத்து நடத்துகின்றனர். முனையில் வலை கட்டிய நீண்ட கோலால் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, கோல் போடும் ஆட்டமே லாக்ரோஸ். கற்பனை அணியின் வரலாறு அறுபது ஆண்டுகளைச் சற்றே கடந்தது. லாக்ரோஸின் வரலாறோ பல நூற்றாண்டுகள் பழைமையானது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கற்பனை அணி பிறந்த கதை

1962ஆம் ஆண்டு, ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்னும் அமெரிக்கக் காற்பந்து அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக், நியூயார்க் தங்கும் விடுதி ஒன்றில் நண்பர்களுடன் அமர்ந்து கற்பனை லீக் ஒன்றிற்கு விதிகள் வகுத்தார். மறு ஆண்டே அந்த லீக் எட்டு அணிகளுடன் தொடங்கியது. 1980ஆம் ஆண்டு டேனியல் ஓக்ரண்ட் என்னும் எழுத்தாளர் பேஸ்பால் ஆட்டத்திற்கு இதனைப் புதுமுறையில் அமைத்தார். அவரும் நண்பர்களும் கூடிய உணவகத்தின் பெயரால் அம்முறைக்கு 'ரொட்டிசரி' என்ற பெயர் நிலைத்தது. அந்நாளில் நாளிதழைப் பார்த்துக் கையாலேயே கணக்கிட்டனர். 1990களின் இறுதியில் இணையம் அந்த உழைப்பை ஏற்றுக்கொண்டதும் ஆட்டம் பெருகியது.

பின்னர் ஒரு வழக்கு எழுந்தது. வீரர்களின் பெயரும் ஆட்டக் கணக்கும் யாருக்குச் சொந்தம்? 2007ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமம் பெறாமலேயே கற்பனை ஆட்ட நிறுவனம் அவற்றைப் பயன்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. அவை பொதுவெளியில் உள்ள செய்திகள் என்பது அதன் கருத்து.

லாக்ரோஸ் அணியை நடத்துவது எப்படி?

திறந்தவெளி லாக்ரோஸில் ஓர் அணிக்குப் பத்துப் பேர்: தாக்குபவர் மூவர், நடுக்கள வீரர் மூவர், தடுப்பவர் மூவர், கோல் காவலர் ஒருவர். உள்ளரங்க ஆட்டத்தில் கோல் காவலரோடு சேர்த்து அறுவர். கற்பனை அணியை அமைப்போர் முறை வைத்து வீரர்களை எடுப்பர். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். கோல், கோலுக்கு உதவிய பந்து, தரையில் கிடக்கும் பந்தைக் கைப்பற்றுதல், கோல் காவலர் தடுத்த பந்து, ஆட்டத் தொடக்க நேர்மோதலில் வெற்றி ஆகியவற்றிற்குப் புள்ளிகள் உண்டு. எவற்றிற்கு எத்தனை என்பது லீக்கிற்கு லீக் மாறும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எதிரணியின் சிறந்த வீரரை நிழல்போல் தொடர்ந்து, அவருக்குப் பந்தே வராமல் செய்த தடுப்பாளரின் கணக்கு ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். கற்பனை மேலாளர் அவரைக் கழற்றிவிடுவார். உண்மைப் பயிற்றுநரோ அவரைக் கைவிடமாட்டார்.

ஆட்டத்தின் வேர்

லாக்ரோஸ் வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் ஆட்டம். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனங்களின் கூட்டமைப்பான ஹோடினோஷோனி மக்கள் இதனைப் படைத்தவனின் ஆட்டம் என்பர். நோயுற்றவர் நலம்பெற வேண்டி ஆடுவதும் அவர்தம் மரபு. 1630களிலேயே ஹுரோன் மக்களிடையே இத்தகைய வழக்கம் இருந்ததைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஜான் டி பிரெபஃப் எழுதிவைத்தார். கோலைக் குறிக்கும் 'குரோஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லே ஆட்டத்தின் இன்றைய பெயருக்கு மூலம்.

1867ஆம் ஆண்டு மொன்ட்ரியல் நகரப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் இதற்கு எழுத்து வடிவில் விதிகள் வகுத்தார். ஓர் அணிக்குப் பன்னிருவர் என எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. ரப்பர்ப் பந்து வந்தது. அதே ஆண்டில் கனடாவில் தேசியச் சங்கமும் உருவானது. 1876ஆம் ஆண்டு மோஹாக் வீரர்களை பிரிட்டனுக்கு அழைத்துச் சென்று விக்டோரியா அரசியின் முன் ஆடவைத்தனர். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1880இல், தொழில்முறை சாராதவரே ஆடலாம் என்ற விதியைக் காட்டிப் பூர்வகுடியினரைத் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கினர். பயணச் செலவுக்குப் பணம் பெற்றுத்தான் ஏழை மக்களால் வெளியூர் சென்று ஆட முடிந்தது. அதுவே அவர்களது குற்றமாயிற்று. ஆட்டத்தைத் தந்தவர்கள் வெளியே. விதி எழுதியவர்கள் உள்ளே!

கடவுச்சீட்டும் புள்ளிப் பட்டியலும்

நூறாண்டுக்குப் பின், 1983ஆம் ஆண்டு, ஹோடினோஷோனி மக்கள் இரோகுவா நேஷனல்ஸ் என்னும் தம் சொந்த அணியை அமைத்தனர். 1990ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உலகப் போட்டியில் தனி நாடாகவே ஆடினர். 2010ஆம் ஆண்டு மான்செஸ்டர் உலகப் போட்டிக்குப் புறப்பட்டபோது, அவர்களது சொந்தக் கடவுச்சீட்டை பிரிட்டிஷ் அரசு ஏற்க மறுத்தது. அமெரிக்க, கனடியக் கடவுச்சீட்டில் செல்ல அவர்கள் ஒப்பவில்லை. போட்டியையே இழந்தனர், பெயரை இழக்கவில்லை. 2014, 2018, 2023 ஆகிய உலகப் போட்டிகளில் மூன்றாம் இடம் பெற்றனர். 2023ஆம் ஆண்டு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லாக்ரோஸ் இடம்பெறும் என அறிவிக்கப்பட்டபோது, தேசிய ஒலிம்பிக் மன்றம் உடையவர்களே அணி அனுப்பலாம் என்ற விதி மீண்டும் அவர்கள் முன் நின்றது.

இங்கேதான் கற்பனை அணி என்னைச் சிந்திக்கவைக்கிறது. ஒனொண்டாகா இனத்தவரான லைல் தாம்சன், தம் அண்ணன் மைல்ஸுடன் 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரி லாக்ரோஸின் உயரிய விருதான டெவாராட்டனைப் பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டு தாமே வென்றார். இத்தகைய வீரரைக் கற்பனை மேலாளர்கள் போட்டியிட்டு எடுப்பர். எந்தக் கடவுச்சீட்டு என்று எவரும் கேட்பதில்லை. 1880இன் சங்கமும் 2010இன் குடிநுழைவுத் துறையும் காட்டாத நேர்மை புள்ளிப் பட்டியலில் இருக்கிறது என்பேன்.

ஆயினும் அந்த நேர்மைக்கு எல்லை உண்டு. ஒருவர் கோல் போட்டாரா என்று பட்டியல் கேட்கும். யாருடைய நலத்திற்காக ஆடினார் என்று கேட்காது. மதிப்பெண் பட்டியல் எழுதும் ஆசிரியர் எவருக்கும் இந்தக் குறை புதிதன்று. தம்பிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் உழைப்பிற்கு அதில் கட்டம் கிடையாது.

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லையேல் ஆளைப் பார்த்து மதிப்பிடும் பழைய அநீதியே திரும்பும். எண்ணைப் பார்த்த பிறகு ஆளையும் அறிய முற்படுவோம் என்பதே என் வேண்டுகோள். கற்பனை அணி அமைக்கும் மாணவர்கள் தாம் எடுத்த வீரர்களுள் ஒருவரைப் பற்றியாவது அவருடைய ஊர், மக்கள், வரலாறு எவை எனத் தேடிப் படிக்கட்டும். அதற்குப் புள்ளி கிடைக்காது, அறிவு கிடைக்கும்.