கம்பியைக் காப்பதா, எந்திரத்தைக் காப்பதா? ஆலை மின்சுற்றுகளில் கம்பிப் பருமனும் பிரேக்கர் அளவும் – ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: மின்கடத்தி, உருகி, பிரேக்கர், தூண்டல் மோட்டார், மிகைச்சுமை, குறுக்குச்சுற்று

மின்பொறியியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மின்னாக்கியையும் விளக்கையும் முன்னிறுத்துவர். இவற்றுக்கு இடையே ஓடும் கம்பியின் பருமன் எவ்வாறு முடிவு செய்யப்பட்டது என்னும் வினா அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆலைகளில் நேர்ந்த தீ விபத்துகளோடு நேரடித் தொடர்புடையது இவ்வினாவே என்பதால், இக்கட்டுரை அதனைத் தனியே எடுத்துக்கொள்கிறது.

கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை ஜூல் 1841இல் நிறுவினார். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இவ்வுண்மை அறியப்பட்ட பின்னரும் கம்பியின் பருமன் முதலில் செலவுக் கணக்காகவே பார்க்கப்பட்டது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1881இல் வெளியிட்ட விதி இதற்குச் சான்றாகும். கம்பிக்கான முதலீட்டின் ஆண்டுச் செலவும், வெப்பமாக வீணாகும் மின்னாற்றலின் ஆண்டுச் செலவும் சமமாகும் பருமனே சிக்கனமானது என்றார் அவர். அதில் தீயைப் பற்றிய பேச்சு இல்லை.

தீயைப் பற்றிப் பேசியவர்கள் வேறு இருவகையினர். ஒருவர் எடிசன். விளக்குச் சுற்றில் எளிதில் உருகும் கடத்தித் துண்டு ஒன்றைச் சேர்க்கும் முறைக்கு அவர் 1880இல் காப்புரிமை பெற்றார். மற்றவர்கள் காப்பீட்டாளர்கள். இலண்டனில் பீனிக்ஸ் தீக்காப்பீட்டு நிறுவனம் 1882இல் மின்விளக்கு விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டில் தந்திப் பொறியாளர் சங்கமும் தீ இடர்த் தடுப்பு விதிகளைத் தந்தது. அமெரிக்காவில் ஒன்றோடொன்று முரண்பட்டு வழங்கிய விதித்தொகுப்புகள் 1897இல் தேசிய மின்விதித் தொகுப்பாக ஒருங்கிணைந்தன. கம்பிக்கு ஓர் உச்ச மின்னோட்டத்தை வரையறுத்து, அதனை மீறாதவாறு உருகியை அமைக்க வேண்டும் என்னும் நெறி இவ்விதிகளின் வழியாகவே நிலைபெற்றது. கண்டுபிடிப்பாளரின் புகழில் காப்பீட்டாளரின் பங்கு மறைந்துபோயிற்று எனலாம்.

விளக்குச் சுற்றுக்கு இந்நெறி போதுமானதாக இருந்தது. மோட்டார் வந்தபோது அது முறிந்தது. டொலிவோ-டொப்ரொவோல்ஸ்கி 1889இல் உருவாக்கிய மும்முனைத் தூண்டல் மோட்டார், 1891 பிராங்க்பர்ட் கண்காட்சியில் 175 கிலோமீட்டர் தொலைவிலிருந்த லௌஃபனிலிருந்து வந்த மின்சாரத்தால் இயங்கியது. இவ்வகை மோட்டார் நேரடி இணைப்பில் புறப்படும்போது முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கை இழுக்கும். கம்பியின் அளவுக்கேற்ற உருகியை இட்டால் எந்திரம் புறப்படும் முன்னரே உருகி போய்விடும். பெரிய உருகியை இட்டால் கம்பிக்குக் காப்பு இல்லை. பியூஸ்கட்டையில் பல இழைகளை முறுக்கிக் கட்டும் வழக்கம் அறியாமையால் மட்டும் எழுந்ததன்று. எந்திரத்தை ஓட்டியாக வேண்டிய தொழிலாளிக்கு முன் அக்கருவி வைத்த நெருக்கடியும் அதற்கொரு காரணம்.

இந்நெருக்கடிக்குக் கிடைத்த விடை, ஒரு வேலையை இரண்டாகப் பிரித்தது. மெல்ல வளரும் மிகைச்சுமையை வெப்பத்தால் வளையும் ஈருலோகப் பட்டை உணரும். திடீரெனத் தாக்கும் குறுக்குச்சுற்றை மின்காந்தச் சுருள் உணரும். இவ்விரண்டையும் ஒரே சிறு பிரேக்கரில் இணைத்து மான்ஹைம் நகரின் ஹியூகோ ஸ்டோட்ஸ் 1924இல் காப்புரிமை பெற்றார். கனரக மோட்டார்களுக்கோ இரு பணிகளும் தனித்தனிக் கருவிகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

அமெரிக்க விதியின்படி ஒரு கணக்கைக் காணலாம். முழுச்சுமையில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்குக் கம்பி 125 விழுக்காடு, அதாவது 62.5 ஆம்பியரேனும் தாங்க வேண்டும். பிரேக்கரோ 250 விழுக்காடு வரை, அதாவது 125 ஆம்பியர் அளவினதாக இருக்கலாம். கம்பி தாங்கும் அளவைப் போல இருமடங்கு பிரேக்கர் என்பது முதற்பார்வையில் பிழையாகவே தோன்றும். விளக்குச் சுற்றில் அது பிழையே. இங்கு மிகைச்சுமை ரிலே 115 அல்லது 125 விழுக்காட்டில் சுற்றைத் துண்டித்துக் கம்பியையும் மோட்டாரையும் காக்கிறது. பிரேக்கரின் பொறுப்பு குறுக்குச்சுற்று மட்டுமே. ஆறு மடங்கு மின்னோட்டம் முப்பத்தாறு மடங்கு வெப்பத்தைத் தரும் என்றாலும், சில நொடிகளில் அது தணிந்துவிடுவதால் செம்பு அதனைப் பொறுத்துக்கொள்கிறது. நீடித்த சூட்டைப் பொறுக்காதது மின்காப்புப் பொருள்தான். வெப்பநிலை ஏறத்தாழ 8 பாகை உயரும்தோறும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்று மான்ட்சிங்கர் 1930இல் மின்மாற்றி ஆய்வின்வழிக் காட்டினார்.

1930களில் பைகாரா நீர்மின்சாரம் கோயம்புத்தூர் ஆலைகளை அடைந்தபோது இப்பிரிவினை உலக அளவில் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. பஞ்சுத்தூசி மிதக்கும் நூற்பாலையில் சூடேறிய கம்பி எத்தகைய இடர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்றைய பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநெறி, குறுக்குச்சுற்றுக்குப் பின் மோட்டார் தொடக்கியின் நிலையை இரு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் கருவி பழுதாகலாம். இரண்டாம் வகையில் அது மீண்டும் பயன்படத் தக்கதாக இருக்க வேண்டும். ஆளுக்கோ நிறுவலுக்கோ ஆபத்து விளையக்கூடாது என்னும் நிபந்தனை இரண்டுக்கும் பொது. செலவை முன்னிட்டு எந்த வகையைத் தேர்வது என்பது ஆலை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது.