ஓசையால் நிறை அறிதல்: நாதமுனிகளும் கைத்தாளமும்

தாளம் என்னும் சொல் காலத்தின் அளவையும், அவ்வளவைக் காட்டும் கருவியையும் ஒருங்கே குறிக்கும். பரதமுனிவர் வாத்தியங்களைத் ததம், அவநத்தம், கனம், ஸுஷிரம் என நால்வகையாக்கி, கனமாவது தாளமே என்றார். தமிழ் மரபு இவ்வினத்தைக் கஞ்சக்கருவி என வழங்கும். கஞ்சமாவது வெண்கலம். உலோகத்தின் பெயரே கருவிக்கு இனப்பெயராக நிற்பது கருதத்தக்கது.

ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்தில் தாளத்தின் ஏற்றம் ஸ்ரீமந்நாதமுனிகளோடு தொடங்குகிறது. வீரநாராயணபுரத்தில் அவதரித்து, திருக்குருகூரில் நம்மாழ்வார் அருளால் நாலாயிரமும் பெற்ற அவர், பாசுரங்களைத் தேவகானத்தில் அமைத்துத் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தருளினார். சோழன் அவையில் தேவகானத்தை இன்னதென்று அவர் பிரித்தறிந்தமை கண்டு மன்னன் வியந்து வினவ, நாலாயிரம் தாளங்களை ஒலிக்கச் செய்து, ஓசை ஒன்றையே கொண்டு அவற்றின் நிறையை உரைத்தார் என்பது குருபரம்பரை வழக்கு. அடியவர்க்குத் தாளம் அளித்தவர் என்றே வேதாந்த தேசிகரும் அவரைப் போற்றினார்.

இதனை அற்புதம் என்று கொண்டாடி அமைவது பெரும்பான்மை. இதனுள் தாளத்தைத் தேரும் முறை ஒன்றும் அடங்கியுள்ளது. உலோகமும் விட்டமும் வடிவும் ஒத்த இரு தாளங்களில், தடித்துக் கனத்தது உயர்ந்த சுருதியிலும் மெலிந்தது தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். ஆகவே ஓசை நிறையை உணர்த்துதல் பொருளின் இயல்போடு பொருந்தியதே. ஆனால் நிறை ஓசையை உணர்த்தாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் உடையதும் குறையற்றதும் தராசில் சமமாகவே நிற்கும். செவியே முதற் பிரமாணம்.

செம்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலமே மணிக்கும் தாளத்துக்கும் உரியது. துத்தநாகம் சேர்ந்த பித்தளை பளபளக்கும். அதன் நாதமோ விரைவில் அடங்கும். வெண்கலம் கடினமானது, ஆதலின் கீழே விழுந்தால் வெடிக்கும். வாங்குவோர் தாளத்தை உடலில் படாமல் கயிற்றில் தொங்கவிட்டு, விளிம்போடு விளிம்பு மெல்லத் தட்டிக் கேட்டல் வேண்டும். பிசிறின்றி எழுந்து சீராகத் தேய்வது நல்லது, கரகரப்பது கீறலுடையது. இணையின் இரு தாளங்களையும் தனித்தனியே சோதித்தல் முறை.

திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் அரையர் ஸேவைக்குத் தாளம் ஒன்றே துணைக்கருவி. மத்தளமும் குழலும் இல்லை. எனவே அத்தாளம் பாசுரத்தின் சொல்லை மூடுமாறு முழங்கலாகாது. காலம் புலப்படாதவாறு மழுங்கவுமாகாது. உபயமாகத் தாளம் ஸமர்ப்பிப்போர் பளபளப்பையும் விலையையும் நோக்கித் தேர்ந்தால், ஸேவிப்பவர் கையில் நாதமற்ற உலோகமே எஞ்சும். நாதமுனிகள் செவியால் நிறுத்த பொருளைக் கண்ணால் மட்டும் நிறுத்தல் தகாது. ஸேவிக்கும் அரையரிடமே கொடுத்து, அவர் தட்டிக் கேட்டு இசைந்த இணையை ஸமர்ப்பிப்பதே அம்மரபுக்கு ஒத்த கைங்கர்யம்.