பழைய புல்டோசர்: எண்ணெய்த் தேர்வும் பராமரிப்பும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் பயன்படுத்திய கேட்டர்பில்லர் டி7 போன்ற புல்டோசர்கள் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றின் ஆயுளைத் தீர்மானிப்பதில் எண்ணெய்க்குப் பெரும் பங்குண்டு.

அக்கால டி7இன் டீசல் எஞ்சினை உசுப்பிவிட இரண்டு சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்று உண்டு. அதற்கும் தனி எண்ணெய் உண்டென்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கியர் எண்ணெயில்தான் அதிகக் கவனம் தேவை. இன்றைய ஜிஎல்-5 வகை எண்ணெயில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் மிகுதி. சூடேறும்போது அவை பழைய கியர் பெட்டிகளிலுள்ள வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும். பிற்கால மாடல்களில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியே இயங்கும்; அங்கே வழுக்கலைக் கூட்டும் காருக்கான எண்ணெய் ஆகாது, டிஓ-4 தரமே பொருத்தம். போர்க்கால டி7இன் ஸ்டியரிங் கிளட்ச்களோ உலர் வகை. சீல் கசிந்து அவற்றில் எண்ணெய் பட்டால் வண்டி திரும்ப மறுக்கும்.

எண்ணெயை எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும். அப்போதுதான் கசடும் கூடவே இறங்கும். வடியும் எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பளபளக்கும் உலோகத்தூள் பேரிங் அல்லது பல்சக்கரத் தேய்மானத்தைக் காட்டும்.

சங்கிலியின் உலர் பின்களுக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது. மண் ஒட்டி அரைப்பசையாகி, பின்னையும் புஷ்ஷையும் தின்றுவிடும்.