செங்காந்தள் உயிரணு வளர்ப்பு

செங்காந்தள் செடியின் உயிரணுக்களையோ வேர்களையோ ஆய்வகத்தில் ஊட்டக் கரைசலில் வளர்த்து, அவற்றிலிருந்து கோல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டைப் பெறும் முயற்சி இது. யூரிக் அமிலம் மூட்டுகளில் படிவதால் வரும் கௌட் நோய்க்குக் கோல்ச்சிசின் மருந்து. அளவு மீறினால் உயிரைப் பறிக்கும் நஞ்சு.

வயலில்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளை, திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பகுதியிலும் அதை அடுத்த மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் விதைக்காகப் பயிரிடுகின்றனர். உழவர் வழக்கில் இது கண்வலிக்கிழங்கு. ஆடியை ஒட்டிக் கிழங்கை ஊன்றி, கொடியைக் கம்பிப் பந்தலில் படரவிடுவர். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. எனவே காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுக்கும் விதையில் கோல்ச்சிசின் ஏறத்தாழ 1 விழுக்காடோ அதற்கும் குறைவோதான். காடுகளில் கிழங்கை அகழ்ந்தெடுப்பதால் இயற்கையில் இச்செடி அருகி வருகிறது.

ஆய்வகத்தில்

நுண்ணுயிர் நீக்கிய கிழங்கு முளையை, 1962இல் முராஷிகி, ஸ்கூக் இருவரும் வகுத்த ஊடகத்தில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சேர்த்து வைத்தால், வடிவமற்ற உயிரணுத் திரள் உருவாகிறது. அதை நீர்ம ஊடகத்தில் இட்டுச் சுமார் 25 பாகை வெப்பத்தில் குலுக்கியின் மேல் சுழலவிட்டால், உயிரணுக்கள் பிரிந்து மிதந்தபடி பெருகும்.

பெருகும் உயிரணுக்கள் எல்லாம் மருந்துப் பொருளைத் தருவதில்லை. உறுப்பாக உருப்பெறாத உயிரணுக்களில் கோல்ச்சிசின் சொற்பம். வேர் வளர்ப்பில் கூடுதல். வேர் வளர்ப்பில் அலுமினியம் குளோரைடு சேர்த்தால் விளைச்சல் உயர்வதைக் கொல்கத்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர்.

பிற நாடுகளில்

1983இல் ஜப்பானின் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் வேறொரு செடியின் உயிரணு வளர்ப்பு வழியே ஷிகோனின் நிறமியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலும் இன்று இவ்வழியில் தயாராகிறது. கோல்ச்சிசினை உருவாக்கும் செங்காந்தள் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை 2020இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு கண்டறிந்து, புகையிலை இனச் செடியின் இலையில் செயல்படச் செய்து, கோல்ச்சிசினின் முன்னோடிப் பொருளைப் பெற்றது.

பயன்

கோல்ச்சிசினுக்கு இன்றும் விதையும் கிழங்குமே ஆதாரம்; ஆய்வக வழி இன்னும் வயலுக்கு மாற்றாகவில்லை. ஆனால் இதே ஆய்வக வளர்ப்பு முறையால் நோயற்ற நடவுக் கிழங்குகளைப் பெருக்க முடியும். அது உழவர் கைக்கு எட்டினால், காட்டுக் கிழங்கைத் தோண்ட வேண்டிய தேவையும் குறையும்.