மாஹிம் கழிமுகமும் கன உலோகங்களும்: வேளாண் கழிவிலிருந்து கிடைக்கும் உயிர்க்கரி எந்த அளவுக்கு உதவும்?

மும்பை: விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரிலிருந்து உருவாகும் மித்தி ஆறு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தில் அரபிக்கடலில் கலக்கிறது. குர்லா, தாராவி பகுதிகளைக் கடந்து வரும் இந்த ஆற்றில் வீட்டுக் கழிவுநீருடன் சிறு பட்டறைகளின் கழிவுநீரும் சேர்கிறது. ஆற்று நீரிலும் அடிமண் படிவிலும் ஈயம், குரோமியம் உள்ளிட்ட கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இத்தகைய உலோகங்களைக் குறைந்த செலவில் அகற்ற, ‘பயோசார்’ எனப்படும் உயிர்க்கரி உலகெங்கும் ஆராயப்பட்டு வருகிறது. அது குறித்த விவரங்கள் வருமாறு:

உயிர்க்கரி என்றால் என்ன?

நெல் உமி, தேங்காய்ச் சிரட்டை, நிலக்கடலைத் தோல், கரும்புத் தோகை போன்றவற்றை, காற்று மிகக் குறைவாக உள்ள மூடிய கலனில் சுமார் 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கிடைக்கும் கரியே உயிர்க்கரி. திறந்த வெளியில் எரித்தால் பெரும்பாலும் சாம்பலே மிஞ்சும்; காற்றைக் கட்டுப்படுத்தும்போது நுண்துளைகள் நிறைந்த கரி கிடைக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 50 கோடி டன் பயிர்க்கழிவு உருவாவதாக மத்திய அரசின் மதிப்பீடு கூறுகிறது. அதில் ஒரு பகுதி வயலிலேயே எரிக்கப்படுகிறது.

உலோகத்தை எவ்வாறு பிடிக்கிறது?

கரியின் மேற்பரப்பில் உள்ள வேதித் தொகுதிகள் ஈயம், காட்மியம், செம்பு ஆகியவற்றின் அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. கரியிலுள்ள கால்சியம், பொட்டாசியம் வெளியேறி அவ்விடத்தில் உலோக அயனி அமர்வதும் உண்டு. கரியில் உள்ள பாஸ்பேட், கார்பனேட் உப்புகளும் ஈயத்தை வீழ்படிவாக்குகின்றன.

குரோமியம் மட்டும் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. நச்சுத்தன்மை மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியம் அமிலத்தன்மை கொண்ட நீரில்தான் கரியில் நன்கு ஒட்டும்; அங்கு அதன் ஒரு பகுதி, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறும். எனவே எல்லா உலோகங்களுக்கும் ஒரே கரி, ஒரே முறை என்பது பொருந்தாது.

தமிழர்களுக்கு என்ன தொடர்பு?

தாராவியில் தோல் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழர்கள் முக்கியமானவர்கள். பதனிடும் பிரிவுகளில் பெரும்பாலானவை பின்னர் அங்கிருந்து வெளியேறிவிட்டன. தோல் பொருட்கள் தயாரிப்பு தொடர்கிறது. இத்தொழிலின் பாதிப்பைத் தமிழகமும் அறியும். பாலாறு தோல் ஆலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே இழப்பீட்டை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது.

கழிமுகத்தில் கரியைக் கொட்டினால் போதுமா?

போதாது. மாஹிமில் அலையேற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வருகிறது. அதிலுள்ள சோடியம், கால்சியம், மக்னீசியம் அயனிகள் கரியில் இடம்பிடிக்கப் போட்டியிடுவதால் உலோகத்தைப் பிடிக்கும் திறன் குறைகிறது. சாக்கடை நீரின் எண்ணெயும் அழுக்கும் துளைகளை அடைத்துவிடும். ஆகவே, கழிவுநீர் பொதுச் சாக்கடையில் கலக்கும் முன், மின்முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை போன்றவற்றின் வெளியேற்ற இடத்திலேயே கரி அடுக்கு வழியாக அதைச் செலுத்துவதுதான் பொருத்தமான முறை.

பயன்படுத்திய கரியை என்ன செய்வது?

உயிர்க்கரி உலோகத்தை அழிப்பதில்லை. நீரிலிருந்து தன்னிடம் மாற்றிக்கொள்கிறது, அவ்வளவே. உலோகம் ஏறிய கரியை வயலில் உரமாக இட்டாலோ குப்பையில் வீசினாலோ, அமிலத்தன்மை கொண்ட நீர் படும்போது உலோகம் மீண்டும் கசியக்கூடும். அபாயகரக் கழிவுகள் தொடர்பான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி தேவைப்படும் இடத்தில், அங்கீகரிக்கப்பட்ட மையத்திலேயே அதை ஒப்படைக்க வேண்டும். இச்செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான செலவு தெரியும்.

குடிநீருக்கு வீட்டில் பயன்படுத்தலாமா?

பரிசோதிக்கப்படாத கரியைக் குடிநீர் வடிகட்டியாகப் பயன்படுத்தக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலைப்படி ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராமையும், மொத்த குரோமியம் 0.05 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. இந்த அளவுகளை நிறத்தாலோ சுவையாலோ கண்டறிய இயலாது. ஆய்வகப் பரிசோதனையே வழி. நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும், உலோகங்கள் நீங்காது. நீர் ஆவியாகக் குறையும்போது அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும்.