விளக்கெண்ணெய்ச் சங்கு முதல் வெள்ளைப் பவுடர் வரை

2025 அக்டோபரில் ஓர் இரவு, குருகிராமிலிருந்து என் மகள் போன் செய்தாள். நான்கு வயதுப் பேரனுக்கு மலச்சிக்கல். குழந்தை மருத்துவர் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு வெள்ளைப் பவுடர் எழுதித் தந்திருக்கிறார். டப்பாவில் 'பாலிஎத்திலீன் கிளைக்கால்' என்று அச்சாகியிருந்தது. அந்த வாரம் தொலைக்காட்சியில் வேறு செய்தியே இல்லை. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராப் பகுதியில் இருமல் மருந்து குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் 'டைஎத்திலீன் கிளைக்கால்' என்றார்கள்.

"அப்பா, ரெண்டுலயும் கிளைக்கால்னுதானே இருக்கு? பேசாம உங்க ஆச்சி குடுப்பாங்களே, அந்த விளக்கெண்ணெயையே குடுத்துரட்டுமா?"

தில்லிப் பள்ளியொன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மருத்துவன் அல்லன். "காலைல சொல்றேம்மா, அதுவரைக்கும் எதுவும் குடுக்காதே" என்று சொல்லிவிட்டுப் பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த இரவின் விளைவுதான் இக்கட்டுரை.

முதலில் ஆச்சியின் விளக்கெண்ணெய். என் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பேதிக்குக் கொடுப்பது ஆச்சியின் வழக்கம். விடிவதற்கு முன்பே எழுப்பி வரிசையாக உட்கார வைத்துவிடுவார். "ஏலே, வாயத் தொறலே" என்று மூக்கைப் பிடித்தால் வாய் தானே திறக்கும். பிறகு வெந்நீர், மத்தியானம் ரசஞ்சோறு, அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. (அந்த ஒரு லாபத்துக்காகவே எண்ணெயைப் பொறுத்துக்கொண்டவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள்!)

ஆமணக்கு விதையில் 'ரைசின்' என்னும் கொடிய நஞ்சு உண்டு. ஆனால் அது எண்ணெயில் கரையாத புரதம். முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் நம் பாட்டிமார் முறையில், சூட்டிலேயே அந்த நஞ்சு சிதைந்துவிடும். ஆமணக்கம் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு எருவாகப் போட்டதும் அனுபவம் கற்றுக்கொடுத்த பாடமே. எண்ணெயிலுள்ள ரிசினோலியிக் அமிலம் குடலைத் தூண்டுவது எப்படி என்று விஞ்ஞானிகள் கண்டுசொன்னது 2012இல்தான்.

அப்படியானால் விளக்கெண்ணெய் பாதுகாப்பானதா? இங்கே ஒரு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் சித்தியின் கைக்குழந்தைக்கும் சங்கில்தான் எண்ணெய் புகட்டினார்கள். அழுதது, புரையேறியது. சில நாளில் மூச்சு இழுத்து இறந்துபோனது. 'மாந்தம்' என்றார்கள். அழும் குழந்தைக்கு வலுக்கட்டாயமாகப் புகட்டும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும் என்பதை வெகுகாலம் கழித்து நான் படித்தேன். அந்தக் குழந்தைக்கு நேர்ந்தது அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சித்தியிடம் இதை நான் சொல்லவே இல்லை. மருந்தில் குற்றமில்லாமலே, கொடுக்கும் முறையில் ஆபத்து இருக்கலாம்.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு இன்னொரு பேதி மருந்தும் சொந்தம். நிலாவாரை. உலக மருந்துச் சந்தையில் அதற்குப் பெயரே 'திருநெல்வேலி சென்னா'. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இந்த இலை மேலைநாடுகளுக்குப் போனது. அதன் சாரமான சென்னோசைடுகளை ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தது 1941இல். நம் ஊர்க் கருவேப்பிலை மாதிரி கிடந்த இலை, அளவு குறித்த மாத்திரையாகத் திரும்பி வந்தது. இலையைக் கஷாயம் வைத்தால் எவ்வளவு இறங்கும் என்பது அவரவர் கைப்பக்குவம். மாத்திரையில் அந்தக் குழப்பம் இல்லை.

பழையதெல்லாம் நல்லது என்று வாதிடுவோருக்கும், சீமை மருந்தெல்லாம் நல்லது என்று வாதிடுவோருக்கும் அடுத்த இரண்டு செய்திகள் உதவும். நம் சித்த மருத்துவத்தில் 'பூரம்' எனப்படும் பாதரச உப்பை ஆங்கிலேயர் 'கலோமெல்' என்றனர். குழந்தைகளுக்குப் பேதிக்கும், பல் முளைக்கும்போது தரும் பொடியிலும் அதைச் சேர்த்தார்கள். கைகால் சிவந்து, தோல் உரிந்து, ஓயாமல் அழும் 'இளஞ்சிவப்பு நோய்' பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. காரணம் பாதரசமே என்று அமெரிக்க மருத்துவர் வார்க்கனி 1940களில் காட்டினார். பிரிட்டனில் பல்பொடிகளிலிருந்து 1954இல் கலோமெல் நீங்கியதும் அந்நோயும் ஏறக்குறைய மறைந்தது.

இரண்டாவது, பள்ளி ஆய்வகத்தில் நாம் இளஞ்சிவப்பு நிறம் பார்த்த பினாப்தலீன். ஹங்கேரியில் ஒயினுக்கு அடையாளப் பொருளாகச் சேர்க்கலாமா என்று சோதித்தபோதுதான் அது பேதியாக்கும் என்று தெரிந்தது. 1906 முதல் அமெரிக்காவில் சாக்லேட்டாகவே விற்றார்கள். எலிகளிடம் புற்றுநோய் தென்பட்டதால் 1999இல் அங்கு அதைத் தடுத்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் குழந்தைகள் மிட்டாயாகத் தின்ற பொருள் அது!

இனி மகளின் கேள்வி. டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைக் கரைப்பான். இனிப்பானது, மலிவானது. உடலில் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுப்பது. 1937இல் அமெரிக்காவில் ஒரு சல்பா மருந்தை இதில் கரைத்து விற்றதால் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1938இன் மருந்துச் சட்டம் அதன் பின்விளைவு. நம் நாட்டில் 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இது கலந்து 14 பேர் மாண்டார்கள். நீதிபதி லெண்டின் விசாரித்தார். 1998இல் என் மகள் இன்று குடியிருக்கும் அதே குர்காவ் பகுதியில் இருமல் மருந்தால் 33 குழந்தைகள் போயின. அந்தச் சமயத்தில் நானும் தில்லியில்தான் இருந்தேன். அவளுக்கு அப்போது வாங்கிய இருமல் மருந்தின் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை. 2025இல் பிடிபட்ட மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அனுமதி 0.1 சதவீதம், அதிலிருந்தது 48.6 சதவீதம். இவற்றிலெல்லாம் அந்த நஞ்சு லேபிளில் எழுதப்பட்ட மருந்துப் பொருள் அல்ல. மருத்துவத் தரமான கரைப்பான் இருக்கவேண்டிய இடத்தில் சோதிக்காமல் நுழைந்த பொருள்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் வேறு. முன்னது மூலக்கூறு எடை 106 உள்ள சின்னத் துண்டு. பவுடரில் இருப்பது சராசரி எடை 3350 உள்ள நீளச் சங்கிலி. குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். 2014இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் மலச்சிக்கலுக்கு இதைத்தான் முதல் மருந்தாகச் சொல்லின.

ஆனாலும் கேட்டது தப்பில்லை. 2008இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எட்டுத் தொகுதிகளைச் சோதித்தபோது சிறு கிளைக்கால்கள் மிக நுண்ணிய அளவில் இருந்தன. பிள்ளைகளின் நடத்தை மாறுகிறது என்று பெற்றோர் சிலர் விடாமல் முறையிட்டதால், உடலில் ஏதாவது சேர்கிறதா என்று ஆராய 2014இல் அதே நிர்வாகம் பிலடெல்பியாக் குழந்தை மருத்துவமனைக்கு நிதி தந்தது.

மறுநாள் காலையில் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "பவுடரை டாக்டர் சொன்ன அளவுக்குக் குடும்மா. எத்தனை நாள்னு கேட்டுக்கோ. தொகுதி எண்ணைப் போட்டோ எடுத்து வை, பில்லைக் கிழிச்சுப் போடாதே. சங்கை மட்டும் எடுக்காதே." "சங்கா? அது உங்க அலமாரிலதானே இருக்கு!" என்றாள்.

ஆமாம், சித்தி தந்தது.