டனொட்டார்க் கோட்டையும் முடியைக் காத்த பெண்களும்

ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்ரோன்ஹேவன் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்துக்குத் தெற்கே, வடகடலை நோக்கி நீண்டு நிற்கும் பாறையொன்றின்மீது டனொட்டார்க் கோட்டை சிதைந்து நிற்கின்றது. பாறையின் உயரம் ஏறத்தாழ 50 மீற்றர். ஒடுங்கிய தரைத்தொடர்பொன்றைத் தவிர எங்கும் கடலும் செங்குத்தான சரிவுமே. கூழாங்கற்கள் இறுகி உருவான அப்பாறைதான் கோட்டையின் முதல் மதில் எனலாம்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சேர் வில்லியம் கீத் இங்கே ஒரு கோபுர வீட்டைக் கட்டினார். அது தேவாலயத்துக்குரிய நிலம் என்பதால் ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1395இல் பாப்பரசர் பதின்மூன்றாம் பெனடிக்ற் தலையிட்ட பின்னரே அத்தண்டனை நீங்கியது. தடித்த சுவர், சிறிய சாளரம், கீழே களஞ்சியம், மேலே மண்டபம் என அமைந்த அக்கோபுரம் அச்சத்தின் காலத்துக்குரியது. இருநூறு ஆண்டுகளின் பின் அதே குடும்பத்தினர் முற்றத்தைச் சூழ நீண்ட மாளிகை வரிசைகளை எழுப்பினர். விருந்து மண்டபம், நீள்கூடம், சமையற்கூடம், வெதுப்பகம், முற்றத்தின் நடுவே வட்டமான நீர்த்தொட்டி என அங்கே வாழ்க்கை வசதி கண்டது. இவ்விரு காலங்களையும் அருகருகே இன்றும் காணலாம்.

1649இல் இங்கிலாந்தின் மன்னர் முதலாம் சார்ள்ஸ் சிரச்சேதம் செய்யப்பட்டார். இங்கிலாந்தின் அரச முடியும் ஆபரணங்களும் அழிக்கப்பட்டன. ஸ்கொட்லாந்தோ 1651 ஜனவரி 1ஆம் திகதி இரண்டாம் சார்ள்ஸுக்கு முடிசூட்டியது. குரொம்வெல்லின் படை வடக்கே நகர்ந்தபோது முடி, செங்கோல், உடைவாள் மூன்றும் டனொட்டாருக்கு அனுப்பப்பட்டன. எழுபதுக்கும் குறைவான வீரருடன் ஜோர்ஜ் ஒகில்வி எட்டு மாதம் முற்றுகையைத் தாங்கினார். பெரிய பீரங்கிகள் வந்து சேர்ந்த பின் 1652 மே 24இல் கோட்டை பணிந்தது. ஆனால் உள்ளே நுழைந்த படையினருக்கு முடி கிடைக்கவில்லை.

அதனை வெளியே கொண்டு சென்றவர் கினெஃப் என்னும் அயற்கிராமத்துப் போதகரின் மனைவி கிறிஸ்ரியன் ஃபிளெச்சர். ஒகில்வியின் மனைவி எலிசபெத் டக்ளஸும் இதற்குத் துணைநின்றார். கடற்பாசி பொறுக்குவதுபோல் நின்ற பணிப்பெண்ணிடம் பொருட்கள் பாறையிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டன என்பது ஒரு கூற்று. தாமே மூன்று தடவை சென்று சாக்குகளில் மறைத்து எடுத்துவந்ததாகக் கிறிஸ்ரியன் கூறினார். முடியும் செங்கோலும் கினெஃப் தேவாலயத்தின் பிரசங்க மேடைக்கு முன்னாலும், உடைவாள் மேற்கு முனையில் மக்கள் அமரும் இடத்திலும் புதைக்கப்பட்டன. இடையிடையே இரவில் தோண்டி எடுத்து, நெருப்பருகே ஈரம் உலர்த்தி மீண்டும் புதைத்தனர். ஒகில்வியும் மனைவியும் சிறைப்பட்டபோதும் இரகசியம் வெளிவரவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரு கிராமத்துத் தேவாலயம் ஓர் அரசின் முடியைக் காத்தது.

மன்னராட்சி 1660இல் மீண்டபின் ஒகில்விக்குப் பட்டம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்த ஜோன் கீத்துக்கு அதனினும் பெரிய பட்டம் கிடைத்தது. கிறிஸ்ரியனுக்குப் பாராளுமன்றம் 2000 மேர்க் பணம் வழங்கத் தீர்மானித்தது. பாராட்டு யாருக்குரியது என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது.

பெருமைக்குரிய சுவர்களே கொடுமைக்கும் சாட்சியாயின. 1685இல் மதக்கொள்கைக்காகக் கைதான 167 பேர், அவர்களுள் 45 பெண்கள், இங்கே நெருக்கமான நிலவறையில் அடைக்கப்பட்டனர். 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சேர்ந்ததால் கீத் குடும்பம் கோட்டையை இழந்தது. கூரையும் மரமும் பெயர்த்தெடுக்கப்பட்டன. இருநூறு ஆண்டுகள் மழையும் கடற்காற்றும் அதனைத் தின்றன. 1925இல் திருத்த வேலையைத் தொடக்கியவரும் ஒரு பெண்ணே. அவர் கௌட்ரே சீமாட்டி.

அன்று காக்கப்பட்ட முடி இன்று எடின்பரோக் கோட்டையில் இருக்கின்றது. கட்டடத்தின் வரலாற்றை எழுதுவோர் கட்டியவர் பெயரையே முதலில் எழுதுவர். இடர்வந்த நாளில் உள்ளிருந்ததைக் காத்தவர் பெயர் பெரும்பாலும் பின்னால் வரும். சில வேளை வராமலே போகும். கடலோரத்தில் நின்றதாகச் சொல்லப்படும் அந்தப் பணிப்பெண்ணின் பெயர் வரவேயில்லை. நூற்றாண்டு மலர்களைத் தொகுக்கும் பழைய மாணவியராகிய நாம் மனத்தில் இருத்தவேண்டியது இதுவே.